கொக்குவில் வைண்டிங் கடையில் என் கிற்றாருக்கு நடந்த வேலை

கிணற்று மோட்டருக்கு வைண்டிங் கட்டுகிறவரிடம் கிற்றாரைக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் குழுவிலுள்ள மற்ற மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இப்போது அந்த மூவரில் இருவர் தங்கள் கிற்றாரையும் அவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

கடை கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் துருப்பிடித்த மோட்டர் கூடுகள் அடுக்கியிருக்கும். உள்ளே போனால் செப்புக்கம்பி உருளைகள், வார்னிஷ் மணம், மூலையில் துணி போட்டு மூடிய பழைய வால்வ் ரேடியோ இரண்டு. இசைக் கருவி என்று எதுவும் கண்ணில் படாது. அவரிடம் போகச் சொன்னது எங்கள் கோயில் பாடகர் குழுவில் கீபோட் வாசிக்கும் தம்பி. "அவர் சுருள் விளங்கின மனிசன், குடுத்துப் பாருங்கோ" என்றார். கிற்றார்க் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பதும் காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருள்தானே என்று யோசித்துக்கொண்டே போனேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு தொனி. அது எங்கிருந்து எனக்குள் வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரைக் கசற் ரெக்கோடரில் கொடுத்திருப்பார். மிதியைக் கையால் சுற்றுவது என் வேலை. கை களைத்தால் பாட்டு இழுபட்டு அரைச்சுரம் கீழே இறங்கும், மாமா "டேய்" என்பார், மறுபடி ஏறும். அறுபதுகள், எழுபதுகளின் ஆங்கில ரொக் பாட்டுகளை எல்லாம் நான் அப்படித்தான் முதலில் கேட்டேன். அந்தக் கிற்றார் சத்தத்தில் கம்பியை மீட்டும் முதல் நொடியின் கூர்மை கேட்கும். கூடவே அதற்கு அடியில் ஒரு தடிப்பும் ஓடும். காதைக் கிழிக்காது, அமுங்கியும் போகாது. இரண்டும் எப்படி ஒரே கருவியிலிருந்து வருகின்றன என்று பல வருசம் எனக்கு விளங்கவில்லை.

என் கிற்றார் லெஸ் போல் வடிவம், கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியது. இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), நான்கு குமிழ் (இரண்டு வொல்யூம், தொனியை இருட்டாக்கும் ரோன் இரண்டு), மூன்று நிலைச் சுவிச். கம்பி முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப். பிரிட்ஜ் பிக்கப்பில் விட்டால் கூர்மை, நெக் பிக்கப்பில் விட்டால் தடிப்பு. நடுவில் விட்டால் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். எனக்கோ தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல் மெலிந்த ஒரு சத்தம்தான் வந்தது. சரி, நடுநிலை என்றால் இப்படித்தான் போல என்று ஆறு வருசம் அந்தப் பக்கம் போகவே இல்லை. அதற்குப் பதிலாகப் பெடல் வாங்கினேன். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. காசு போனது. தொனி வரவில்லை.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கிற்றாரை வாங்கி மடியில் வைத்து, பின்பக்க மூடியைக் கழற்ற முன்னமே கேட்டார்.

"தம்பி, நடுவில விட்டா சத்தம் மெலியுதோ?"

"ஓம் அண்ணை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நெக் பிக்கப் பிறகு மாத்தினது. ஸ்குறூ வேற நிறம், பாருங்கோ."

ஆறு வருசம் கையில் வைத்திருந்த நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததை நான் ரசித்துப் பார்த்தேன். ஊசி ஓடும் பழைய மல்ரிமீற்றர் ஒன்றை எடுத்தார். இலக்கம் காட்டுகிறது இதற்குச் சரிவராது என்றார். பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு வயரிலும் மீற்றரைக் கொடுத்து, பிக்கப்பின் மேல் இரண்டு சுருளையும் மூடுமாறு ஸ்குறூ டிறைவரைக் கிடையாக வைத்துச் சட்டென்று தூக்கினார். ஊசி வலப்பக்கம் ஒருமுறை துள்ளி நின்றது. அதே முறையில் வயரைக் கொடுத்து நெக் பிக்கப்பிலும் வைத்துத் தூக்கினார். ஊசி இடப்பக்கம் துள்ளியது. என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை. ஒராள் தள்ளேக்க மற்றாள் இழுக்கிறார்."

விசயம் இவ்வளவுதான். முன்பு வைத்திருந்த யாரோ நெக் பிக்கப்பை மாற்றியபோது வயரை எதிர்மாறாக ஒட்டிவிட்டார்கள். தனித்தனியாக வாசித்தால் ஒரு குறையும் தெரியாது. நடுநிலையில் சேர்க்கும்போதுதான் இரண்டு அலையும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்னும். அடித்தொனிகள் இரண்டு பிக்கப்பிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் அவைதான் முதலில் காணாமல் போகின்றன. மிஞ்சுவது மூக்கால் பாடுவதுபோன்ற அந்த மெல்லிய சத்தம்.

வயரை மாற்றி ஒட்டிவிட்டு, எல்லாக் குமிழையும் முழுதாகத் திறந்து, கிற்றாரின் ஜாக்கில் மீற்றரை வைத்துக் காட்டினார். பிரிட்ஜ் தனியே 8.2 கிலோ ஓம், நெக் தனியே 7.6. நடுவில் விட்டால் 3.9. உயர்தரப் பௌதிகவியலில் படித்த சமாந்தரத் தடைக் கணக்கு என் கிற்றாருக்குள் இருந்தது. நடுநிலைக்கு ஒரு தெளிவு, ஒரு காற்றோட்டம் இருப்பதற்கு இந்தக் குறைந்த தடையும் ஒரு காரணம்.

இங்கே பீற்றர் கிறீனைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1967இல் ஃபிளீற்வுட் மக் என்ற புளூஸ் குழுவைத் தொடங்கிய ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர். அவருடைய 1959ஆம் ஆண்டு லெஸ் போலில் நெக் பிக்கப்பின் காந்தம் எதிர்மாறாக இருந்தது. நடுநிலையில் வரும் அந்த வெறுமையான, அழுகிறமாதிரியான தொனி அதிலிருந்து வந்ததுதான். பிறகு அந்தக் கிற்றார் இன்னொரு கிற்றார் கலைஞரான கரி மூரிடம் போய், இப்போது மெற்றாலிக்காவின் கேர்க் ஹமெற்றிடம் இருக்கிறது. எனக்குப் பிழையாகக் கிடந்த வயரிங்கும் காதுக்கு அதே விளைவைத் தருவதுதான். ஆனால் அவர் இரண்டு வொல்யூம் குமிழையும் வைத்து அதை ஆண்டார். நான் இரண்டையும் முழுதாகத் திறந்துவிட்டு மெலிகிறது என்று ஒதுக்கியிருந்தேன். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பெயரைக் கேட்டதில்லை என்றார். ஆனால் யோசித்துவிட்டு, "அப்ப அதையும் விடுவான் ஏன்? இழுத்தா அந்தச் சத்தம், அமத்தினா இந்தச் சத்தம் எண்டு ஒரு பொட் போடுவம்" என்றார். பொட் என்பது குமிழுக்கு அடியிலுள்ள மாறும் தடை. நெக் பிக்கப்பின் சுருள் வயர்களும் உறை வயரும் தனித்தனியாக வந்ததால் அது முடிந்தது. ஒரே வயரில் உறையும் சேர்ந்து வரும் பழைய பாணிப் பிக்கப்பாக இருந்தால் அதைத் திறந்து உறையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

நான் ஒரு வயரிங் படத்தை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதில் இரண்டு வொல்யூமும் ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்யும். சாதாரண முறையில் நடுநிலையில் ஒரு வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் கிற்றார் முழுதும் ஊமையாகிவிடும், ஏனென்றால் அந்தக் குமிழ் வெளிச்செல்லும் வயரையே நிலத்தோடு சேர்த்துவிடுகிறது. பிக்கப் வயரும் வெளிவயரும் பொட்டில் இடம் மாறினால் இந்தக் குறை தீரும். அதைத்தான் நான் கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. பொட்டுகளைக் கிற்றாருக்கு வெளியே தொங்கவிட்டு, முதலைக் கிளிப்புகளால் நான் கொண்டுபோன படத்தின்படி கொடுத்தார். கடையில் ஒரு சின்ன அம்ப் இருந்தது. வாசித்தேன். நெக் வொல்யூமைப் பூச்சியமாக்கினாலும் பிரிட்ஜ் தொடர்ந்து ஒலித்தது, நல்லது. ஆனால் 7இல் வைத்தபோதே நெக் பிக்கப்பின் பளபளப்பு போய்விட்டது. அதற்குக் கீழே சத்தம் படியில் விழுவதுபோல் விழுந்தது. பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் கிளிப்புகளை மாற்றினார். இது ஐம்பதுகளில் கிப்சன் செய்த முறை: ரோன் குமிழின் கப்பாசிட்டர் பிக்கப் வரும் காலில் சேராமல், வொல்யூமிலிருந்து வெளியே போகும் காலில் சேரும். அதே 7இல் வைத்தேன். தொனி திறந்தே இருந்தது. 5இலும் திறந்திருந்தது. படத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

எனக்கு இந்தக் கடையில் மிகவும் பிடித்தது இந்த ஒரு மணித்தியாலம்தான். ஈயம் தொட முன்னம் என் காதைக் கேட்டார். கிற்றார் விற்கிற பெரிய கடையொன்றில் முன்பு ஒருமுறை திருத்த வேலைக்குக் கொடுத்தபோது, என்ன செய்தார்கள் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை.

பொட்டுகள் கொழும்பிலிருந்து வந்தன. 500 கிலோ ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லாம் 500 இல்லை. அவர் அளந்தபோது 462இலிருந்து 531 வரை இருந்தது. அதிக தடையுள்ளதை நெக் வொல்யூமுக்கு வைத்தார். நெக் பிக்கப் இயல்பிலேயே மந்தம், அதற்கு மேல்தொனி கொஞ்சம் கூடக் கிடைக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. கப்பாசிட்டர் இரண்டும் 0.022 மைக்ரோ பரட். பிரிட்ஜிலிருந்து வரும் நில வயர் கழன்றுபோய்க் கிடந்தது. கம்பியில் கை வைத்தும் எனக்குக் குறையாமல் கேட்ட இரைச்சலுக்கு அதுதான் காரணம்.

உயரம் பார்த்தது இன்னொரு சங்கதி. கலவை என்பது குமிழில் தொடங்குவதில்லை, பிக்கப்பின் உயரத்தில் தொடங்குகிறது. நெக் பக்கம் கம்பி அகலமாக ஆடுவதால் அந்தப் பிக்கப் இயல்பாகவே சத்தம் கூட. அதைக் கொஞ்சம் இறக்கினால்தான் இரண்டும் சமமாக வரும். கடைசிக் கட்டையில் கம்பியை அமத்திப் பிடிக்கச் சொல்லி, மோட்டார் சைக்கிளுக்கு ரப்பெற் பார்க்கும் தகட்டுக் கேஜை எடுத்தார். அதில் 1 மில்லிமீற்றருக்கு மேல் தகடு இல்லை. 0.9, 0.7 இரண்டையும் சேர்த்துப் பிடித்து பிரிட்ஜை 1.6க்கு வைத்தார். நெக்குக்கு மூன்று தகடு, 2.4 மில்லிமீற்றர். இந்த அளவுகளை நான்தான் சொன்னேன். ஆனால் அதை அந்தத் தகடுகளால் அவர் பிடித்த நேர்த்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 20 வாட் திரான்சிஸ்ரர் அம்ப். அந்தக் காலத்து 100 வாட் மார்ஷலைக் குருநகரில் வீட்டுக்குள் திறக்க முடியாது. மூன்று பெடலில் இரண்டை விற்றுவிட்டேன். ஓவர்டிரைவ் ஒன்று மட்டும் இருக்கிறது, அதையும் பாதிக்குக் கீழேதான் வைக்கிறேன்.

சுவிச் நடுவில், பிரிட்ஜ் 10, நெக் 6. மாமாவின் கசற்றில் கேட்டது இதுதான். முதல் கோர்ட்டை அடித்ததும் தெரிந்தது. பிக் கம்பியில் உரசும் அந்தச் சின்ன 'சிக்' தெளிவாகக் கேட்கிறது. அதற்கு அடியில் நெக் பிக்கப் ஒரு தளம் போடுகிறது. நெக் 8க்குப் போனால் தளம் மேலே வந்து கூர்மையை மூடத் தொடங்கும். 5க்கு இறங்கினால் பிரிட்ஜ் தனியாக நிற்கிறமாதிரி. இந்த 5க்கும் 8க்கும் இடையில் எனக்குத் தேவையான தாள வாசிப்புத் தொனி எல்லாம் கிடக்கிறது. ஒரு விரலகலம்கூட இல்லாத திருப்பம்.

மறுபக்கம், நெக் 10, பிரிட்ஜ் 5. தனிவாசிப்புக்கு இதை வைத்துப் பாருங்கள். நெக் பிக்கப்பை மட்டும் விட்டால் கலியாண வீட்டில் கீபோட்டும் டிறம்சும் சேர்ந்து அடிக்கும்போது கிற்றார் காணாமல் போகும். கொஞ்சம் பிரிட்ஜ் சேர்ந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் விளிம்பு வருகிறது, வழவழப்பும் போகவில்லை. கிறீம் குழுக் காலத்து எரிக் கிளப்ரனின் அமுங்கிய, பாடுகிற தொனி வேண்டுமானால் அது வேறு வழி: நெக் மட்டும், வொல்யூம் முழுதாக, ரோன் பூச்சியம். அதற்குக் கலவை தேவையில்லை, ஓவர்டிரைவ்தான் கூட வேண்டும்.

பிறகு அந்த இழுக்கிற பொட். நெக்கின் ரோன் குமிழை இழுத்தால் பழைய சண்டை திரும்பி வருகிறது. இரண்டும் 10இல் இருந்தால் முன்போலவே தகரப் பேணி. ஆனால் பிரிட்ஜை மெதுவாக 7க்கு இறக்கினால், ஒன்றையொன்று முழுதாக அழிக்க முடியாமல் போய், நடுவில் ஓர் உடம்பு மெல்லத் திரும்பி வருகிறது. ஓவர்டிரைவை நிறுத்தி, அம்ப்பில் கொஞ்சம் ரிவேர்ப் விட்டு, மெதுவான புளூஸ் ஒன்றை வாசித்தேன். இரவு பத்து மணி. மனைவி கதவைத் திறந்து, "இது எந்தக் கிற்றார்?" என்று கேட்டாள். ஆறு வருசம் வீட்டில் ஒலித்த அதே கிற்றார். இந்த நிலையில் சத்தம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் அம்ப்பைக் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும்.

குறைகளும் இருக்கின்றன. ஐம்பதுகளின் முறையில் ரோன் கப்பாசிட்டர்கள் வெளிவயரில் தொங்குவதால், நடுநிலையில் எந்த ரோன் குமிழைக் குறைத்தாலும் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து இருளும். நெக்கை மட்டும் இருட்டாக்கி பிரிட்ஜைத் திறந்து வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது. அவர் இதை முன்னமே சொல்லியிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன். நடுநிலையில் ஒரு வொல்யூமைப் பூச்சியமாக்கினால் முழுதும் ஊமையாவதும் அப்படியேதான் இருக்கிறது. அது தெரிந்தே எடுத்த முடிவு, கை பழகிவிட்டது.

நேரம்தான் பெரிய குறை. ஒரு கிழமை என்றார், மூன்றரைக் கிழமை ஆனது. பொட்டுகள் வரப் பிந்தின. அதோடு நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டது, 25 நாளும் பின்னேரங்களில் அவர் கடை திறக்கவில்லை. இரண்டு கலியாண வீடுகளுக்கு நான் இரவல் கிற்றாரோடு போனேன். கலியாண மாதத்தில் வேலை இருக்கிறவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். செலவு மொத்தம் 11,300 ரூபா. நான்கு பொட், கப்பாசிட்டர், தபால் எல்லாம் 6,800, கூலி 4,500. கூலியில் அரைநாள் பரிசோதனையும் அடக்கம் என்பதால் எனக்கு அது குறைவாகவே பட்டது.

எங்கள் குழுவில் கிற்றாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இருவரில் ஒருவரிடம் ஸ்ரற் வகை இருக்கிறது. ஃபெண்டர் 1954இல் ஸ்ரற்றோகாஸ்ரரை மூன்று நிலைச் சுவிச்சோடுதான் வெளியிட்டது. வாசித்தவர்கள் சுவிச்சை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பைச் சேர்த்து அந்த வாத்துக் குரல்போன்ற தொனியைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்; 1977இல்தான் ஐந்து நிலைச் சுவிச் கொம்பனியிலிருந்தே வந்தது. அந்தக் கிற்றாரில் நெக்கையும் பிரிட்ஜையும் மட்டும் சேர்க்க வழியில்லை. அதற்கு ஒரு குமிழைக் கலவைக் குமிழாக மாற்றித் தரும்படி அவர் கொடுத்திருக்கிறார். சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்பதால் எங்கள் 50 ஹேட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் அதில் நன்றாகக் கேட்கும், அடி ஸ்தாயியில் ஏறத்தாழ ஜி சுரத்தில். கலவையில் அது எவ்வளவு குறைகிறது என்று பார்க்க நானும் ஆவலாக இருக்கிறேன். குயீன் குழுவின் பிறையன் மே 1963இல் தகப்பனோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிற்றாரில் மூன்று பிக்கப்பும் தொடரில், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிச், தனியாகத் திசை மாற்றும் சுவிச். அதைப் பற்றிக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். கண் விரிந்தது. அடுத்தமுறை போகும்போது ஒரு பலகையில் ஏதாவது ஒட்டி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

போகிறவர்கள் காலை பத்துக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் தோட்டக்காரர்கள் மோட்டரோடு நிற்பார்கள். என்ன சத்தம் வேண்டும் என்பதைப் போனில் பதிந்து கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், கவனமாகக் கேட்பார். புதுக் கம்பி ஒரு செட்டும் எடுத்துப் போங்கள். வேலைக்குக் கழற்றிய பழையதை அவர் திருப்பிப் போட மாட்டார், கடையில் கிற்றார் கம்பியும் இல்லை.